ஒரே வரிசை: மருந்தாளர் அல்ஹாஜ் முபாறக் அவர்களுக்கு ஆஸ்பத்திரி ஊழியர் வழங்கும் மடல்

கடற்கரைக் காற்றும் வயற்கரை வெயிலும் ஒருங்கே வந்து சேரும் எம் ஆஸ்பத்திரி வாசலில், முப்பத்து மூன்று ஆண்டுகள் முகம் சுளிக்காது நின்ற மூத்த மருந்தாளரே! நிந்தவூர் ஈன்ற நேர்மையாளரே! அளவு தவறாத கையும் அன்பு குறையாத சொல்லும் வாய்த்த அல்ஹாஜ் முபாறக் சேர் அவர்களே! தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், இறைவன் அருளை முன்னிறுத்தி, நெஞ்சு நிறைந்த நன்றியோடு நாம் இம்மடலை ஏந்தி நிற்கிறோம்.

சேர்! முகத்துக்கு நேரே புகழ்ந்தால், "போதும், நிப்பாட்டுங்க" என்று எழுந்து வந்து மைக்கைப் பறித்துவிடுவீர்கள் என்பது நாம் அறியாததா! ஆதலால் தங்களைச் சற்று அமரவைத்துவிட்டு, தங்கள் கதையைச் சபையோரிடம் சொல்லப் போகிறோம். பொறுத்தருள்க!

சபையோரே! டொலர் இல்லாமல் நாடு தடுமாறிய ஆண்டை எவர் மறப்பார்! திறைசேரியில் பணமில்லை என்பது கொழும்பில் யாருக்கோ வந்த கவலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். அந்த ஆண்டில் அது எங்கள் மருந்தகத் தட்டுகளில் வந்து உட்கார்ந்தது. முதலில் இருமல் பாணி போயிற்று; பிறகு பிரஷர் குளிசை; பிறகு இன்சுலின் குப்பிகளும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தன. வெளியில் வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுக்கும்போது முபாறக் சேர் எவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

அவ்வேளை, பரீட்சார்த்தமாக வந்த பொதுச் சுகாதாரக் காப்புறுதித் திட்டமொன்று கைகொடுக்க முன்வந்தது. சம்பளத்தில் பணம் வெட்டுப்படும் உத்தியோகத்தருக்கு ஓர் அட்டை. அட்டைக்காரருக்குத் தனி யன்னல் திறந்து, மருந்தில் ஒரு பங்கை அவர்களுக்கென ஒதுக்கினால், மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு நிதி வரும். அபிவிருத்திக் குழு மகிழ்ந்தது. நாமும் மகிழ்ந்தோம், எம் பைகளிலும் அந்த அட்டை இருந்ததே! சம்மதக் கடிதத்தில் முதற் கையொப்பம் இட்டவர் முபாறக் சேர்தான். இதை மறைத்துப் புகழ்ந்தால் அவரே எம்மை மன்னிக்கமாட்டார்.

தனி யன்னல் திறந்து மூன்றாம் நாள். பொது வரிசையில் நூற்றுக்கு மேற்பட்டோர். மற்றதில் ஐந்தாறு பேர். வயலில் கூலிக்குக் களை பிடுங்கும் நற்பிட்டிமுனை சல்மா உம்மா, மகளின் கிளினிக் கொப்பியோடு காலையிலிருந்து நின்றார். அவர் முறை வந்தபோது பொதுப் பங்கின் இன்சுலின் முடிந்திருந்தது. "இல்ல உம்மா" என்று சேர் சொன்ன அதே நேரம், அவர் கை பக்கத்து யன்னலில் ஓர் அட்டைக்காரருக்குக் குப்பியொன்றை நீட்டிக்கொண்டிருந்தது.

சல்மா உம்மா அதைப் பார்த்தார். சண்டை பிடிக்கவில்லை.

"மனே, அங்கால குடுக்கிறது வேற மருந்தா? எனக்கு வாசிக்கத் தெரியா. அதான் கேக்கன்."

சேர் ஒதுக்கிய பங்கிலிருந்து ஒரு குப்பியை எடுத்து உம்மாவின் கையில் வைத்தார். "ஒரே மருந்துதான் உம்மா" என்றார். பிறகு எழுந்து போய்த் தனி யன்னலை இழுத்து மூடினார். அன்று பின்னேரமே அத்தியட்சகரின் அறைக்குச் சென்று, தன் சம்மதத்தை மீளப்பெறுவதாக எழுதிக் கொடுத்தார். மருந்தகத்தின் சம்மதம் இல்லாமற் போகவே ஒப்பந்தம் முறிந்தது. அடுத்த மாத நிதி வரவில்லை.

அன்று எவரும் அவருக்குக் கைதட்டவில்லை. சிறுவர் நோயாளர் விடுதிச் சுலோஜனா சிஸ்டர் மருந்தக வாசலில் வந்து நின்றார்.

"சேர், உங்கட மனச்சாட்சி சுத்தம். என்ர வார்ட்டில அன்டிபயோட்டிக் முடியப்போகுது. அந்தப் பிள்ளையளுக்கு நான் என்ன சொல்ற?"

"நீங்க கேக்கிறது ஞாயம் சிஸ்டர். யன்னலத் திறக்கச் சொன்னவனும் நான்தான், மூடினவனும் நான்தான். மருந்துக்கும் நானே அலையிறன்."

சிஸ்டர் ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. இம்மடலை எழுதியவர் அந்தச் சிஸ்டரேதான்!

சொன்னபடி அலைந்தார் சேர். எம்மிடம் மிஞ்சிய வேறு குளிசைகளைக் கொடுத்து, தூரத்து ஆஸ்பத்திரியொன்றில் மிஞ்சிய இன்சுலினையும் சிறுவர் விடுதிக்கு அன்டிபயோட்டிக்கையும் வாங்கிவர அனுமதி பெற்றார். பெற்றோல் இல்லாத காலம், பஸ்ஸில்தான் போகவேண்டும், இன்சுலினோ சூடு தாங்காது. எண்ணெய் இல்லாமல் வள்ளத்தைக் கரையேற்றியிருந்த பாண்டிருப்பு மீனவர் அமிர்தலிங்கம், தன் ஐஸ் பெட்டியைக் கழுவிக் கொண்டுவந்தார்.

"மீன் மணம் போகுதில்ல சேர். பரவாயில்லையா?"

"ஓம், பரவால்ல. மருந்து குளிரா இரிந்தாக் காணும்."

அந்தப் பெட்டியை மடியில் வைத்து மூன்று மணித்தியாலம் வந்தார். பக்கத்து ஆசனத்துக்காரர் மூக்கைப் பொத்தியபடி எழுந்து நின்றே வந்தாராம்!

மிச்ச நேரமெல்லாம் அட்டைக்காரரைத் தேடினார். பாடசாலைகள், செயலகங்கள், தபாலகங்கள் என்று ஏறி இறங்கினார். "நம்மட அட்டைக் காசி பொதுத் தட்டுக்கு வரட்டும். நாமளும் சனத்தோட ஒரே லைன்ல நிப்பம்" என்று கேட்டார். "சம்பளத்தில வெட்டுறது எங்கட காசி" என்று சிலர் கோபித்தனர். அவர் வாதாடவில்லை, ஒரு கிளினிக் நாளில் வந்து பார்க்க மட்டும் அழைத்தார். வந்து பார்த்தோர் பலர் பேனையைக் கேட்டு வாங்கினர். சேரின் மனுவில் நானூற்றுப் பன்னிரண்டு கையொப்பங்கள்!

ஐந்தாம் மாதம் திட்டத்தின் அதிகாரிகள் இணங்கினர். காப்புறுதி நிதி பொதுக் களஞ்சியத்துக்கு. யன்னல் எத்தனை இருந்தாலும் வரிசை ஒன்று. முறை வந்தவருக்கு மருந்து. இன்றுவரை அதுவே ஒழுங்கு. ஆயினும் அந்த ஐந்து மாதங்களில் வெறுங்கையோடு திரும்பியோர் இருந்தனர். அவர்கள் பெயர்களைச் சேர் எழுதி வைத்திருந்தார். மருந்து வந்ததும் ஒருவர் விடாமல் அழைத்தார்.

சேர்! தங்களிடமே மீள்கிறோம். பிழைத்ததை மறைக்காத பெருந்தகையே! பிழையைத் திருத்தும் பாரத்தைப் பிறர் தோளில் ஏற்றாத பண்பாளரே! நோயின்றி, நோவின்றி, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ, நீடூழி வாழ வல்லவன் அருள்வானாக!

ஈற்றில், சபையில் வீற்றிருக்கும் தங்கள் துணைவியார் றஹீமா டீச்சருக்கு ஒரு வார்த்தை. டீச்சர்! முப்பத்து மூன்று ஆண்டுகள் உங்கள் பகற்சோற்றை நாம் ஆறவைத்தோம், மன்னித்தருள்க. நாளைப் பகல் லுஹர் தொழுததும் சேர் நேரே வீடு வருவார். வழிதவறி மருந்தகத்தை எட்டிப் பார்க்க வந்தாராயின், கவலை வேண்டாம். நாமே ஓட்டோ பிடித்து ஏற்றி அனுப்புவோம். சோறு சூடாக இருக்கட்டும்!

என்றும் தங்கள் அன்பில் நனைந்த,
மருந்தக, விடுதி, களஞ்சிய, அலுவலக ஊழியர் அனைவரும்