பாதி தீட்டிய நாற்பது கற்கள்

உலகத்து விரலுக்கெல்லாம் மோதிரக் கல் தீட்டி அனுப்பிவிட்டு, வெறும் விரலோடு கைதட்டும் பெரியோர்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்த மதிநுட்பம் மிக்க தலைவர் அவர்களே! இவன் சீக்கிரம் முடித்துவிடுவான் என்று நம்பி வந்த அப்பாவித் தாய்மார்களே! வணக்கம்.

கல் தீட்டுவோருக்குக் கடல் கடந்த சங்கம் எங்கே பிறந்தது? மாநாட்டிலா? மாளிகையிலா? இல்லை, ஒரு பொட்டலத்தில்!

எங்கள் பட்டறையில் பன்னிரண்டு சக்கரம், மூன்று ஜன்னல். மூன்றையும் மூலைக்கு ஓர் ஆணியாக அடித்து மூடியிருந்தார் முதலாளி. தெறிக்கிற சில்லு தெருவுக்குப் போய்விடுமாம்! தூசு? அது எங்கள் நெஞ்சுக்குள் போனது. பக்கத்துச் சக்கரத்தில் தீட்டிய என் மச்சான் ஒருமுறை இருமினால் எதிர்வீட்டுச் சுவர் பளபளக்கும். என்ன சிரிப்பு? அந்த வீட்டுக்காரர் வெள்ளையடித்தே முப்பது வருடம் ஆகிறது! ஆனால் மச்சான் மாடிப்படி ஏற நான்கு இடத்தில் உட்கார்ந்தார். அதில் மிகையில்லை.

"ஜன்னலைத் திறங்க" என்றோம்.

"கல்லைத் தீட்டுங்க" என்றார்.

சக்கரத்திலிருந்து கையை எடுத்தோம். கற்கள் பாதியில் நின்றன. அவரோ நாற்பதையும் அப்படியே பொட்டலம் கட்டி, கடலுக்கு அப்பால் ஒரு பட்டறைக்கு அனுப்பினார். அங்கேதான் சறுக்கினார்!

அங்கே தலைமைத் தீட்டுக்காரி ஓர் அக்கா. அவர் சொன்னதைப் பின்னாளில் கேட்டறிந்து, நம் வாய்க்கு மாற்றித் தருகிறேன்.

"இதைப் பாருடா. ஒரு பக்கம் எட்டுப் பட்டை, மறுபக்கம் மொட்டை."

"தீட்டினவன் செத்துகித்துப் போயிருப்பான்க்கா."

"ஒரு கல்லுன்னா செத்தான்னு சொல்லலாம். நாப்பதுமா? வேலையை நிறுத்தியிருக்காங்கடா!"

அந்தப் பட்டறையும் நின்றது. பொட்டலம் திரும்பி வந்தது. முதலாளி எங்கள் முன் வீசிப் பிரித்தார். தாளின் உள்மடிப்பில் ஏதோ எழுத்து, எவருக்கும் புரியவில்லை. கீழே ஒரு படம்: ஒரு ஜன்னல், நான்கு மூலையிலும் ஆணி.

மச்சான் அதையே பார்த்தார். "அட, அங்கயும் இதே கதிதானாய்யா!"

பாதிக் கல்லை வாங்க உலகில் ஆளில்லை. ஜன்னலைத் திறக்க முதலாளி சுத்தியல் தேடினார். மச்சான்தான் எடுத்துக் கொடுத்தார். அதற்குப்பின் மச்சான் உயிரோடு இருந்தது இரண்டே ஆண்டு. உள்ளே போன தூசு ஜன்னல் திறந்ததும் வெளியேறிவிடுமா என்ன?

ஜன்னல் திறந்த வாரமே அந்த அக்காவுக்கு ஒரு பொட்டலம் அனுப்பினோம். சங்கத்தின் முதல் கடிதம் அதுதான். உள்ளே ஓர் எழுத்தும் இல்லை; பிடுங்கிய ஆணிகள் பன்னிரண்டு.

பொறுமைக்கு நன்றி. போகும்போது மண்டபத்து ஜன்னலைச் சாத்திவிடாதீர்கள். வணக்கம்!