மீட்டரில் சிவப்பு அட்டை

— அந்தச் சிவப்பு அட்டைய இப்பவே கழட்டுறியா, இல்ல நானே கத்திரிக்கோல் எடுத்துட்டு வரட்டுமா தம்பி?

— அதுல கை வைக்காதீங்க மார்லீனம்மா. மீட்டரையே பூட்டியாச்சு. அட்டையக் கழட்டினாலும் கேஸ் வராது.

— ஜூலை நாலாந்தேதி, சுதந்திர தினம்! ஒமாகா ஊரே கொல்லையில நின்னு கறி சுட்டுக்கிட்டிருக்கு. என் வீட்டுல மட்டும் கேஸ் கம்பெனி ஆளு வந்து பூட்டுப் போடுறான். கேக்குறேன் சொல்லு, இது உனக்கே நல்லாருக்கா?

— நல்லா இல்லதான். ஆனா உங்க பின்பக்க மரத்தளத்துக்கு அடியில கேஸ் கசியுது. கசிவு பாக்குற கருவிய வச்சதும் அலறிச்சு, நீங்களும்தானே கேட்டீங்க.

— அலறட்டும். நீ வண்டிய விட்டு இறங்கினப்பவே அது முனகிக்கிட்டுதான் இருந்துச்சு. மூணு வாரம் மாங்கு மாங்குன்னு உழைச்சு நானே இழுத்த லைன் அது. சிலிண்டரத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போச்சு. அதான் கிரில் அடுப்ப வீட்டுக்குக் குழாய்ல வர்ற கேஸ்லயே சேத்துட்டேன். சிலிண்டர் அடுப்புல கேஸ் பீச்சுற ஜெட்டுக்கு ஓட்டை சின்னது, வீட்டு கேஸுக்குப் பெருசு வேணும். அதையும் மாத்தினேன். தெரியாமயா செஞ்சேன்?

— பாத்தேன்மா. ஜெட்டெல்லாம் சரியாத்தான் மாத்திருக்கீங்க. பிளம்பருங்களே அதுல கோட்டை விடுவாங்க. கோளாறு குழாய் சேர்ற எடத்துல.

— கேட்டியா, நீயே சொல்லிட்ட! என் புருஷன் ரோஜர் என்னை விட்டுட்டுப் போனப்ப டூல் பாக்ஸையும் தூக்கிட்டுப் போனான், உனக்கு ஸ்பேனர் எதுக்குன்னு. அந்தாளு இத வந்து பாக்கணும். குழாய் சேர்ற எடத்துல என்ன கோளாறு வரும்? ஒண்ணொண்ணா சோப்புத் தண்ணி தடவிப் பாத்தேன். ஒரு குமிழி கெளம்பல!

— தடவுறப்போ செவுத்துல இருக்குற வால்வு திறந்திருந்துச்சா?

— திறந்து வச்சுக்கிட்டு எவளாவது கை வைப்பாளா? இறுக்கி மூடிட்டுத்தான் தடவினேன். பாதுகாப்பு முக்கியமில்ல?

— அம்மா... வால்வ மூடிட்டா குழாய்ல கேஸே இல்ல. அப்புறம் குமிழி எங்கேருந்து வரும்? உள்ள அழுத்தம் இருந்தாத்தானே...

— புரியுது, புரியுது! எனக்குப் பாடம் எடுக்காத. சரி, தப்பு கிரில் பக்கம். அந்த வால்வ மட்டும் மூடிட்டுப் போ. வீடு மொத்தத்துக்கும் ஏன் மூடுற? என் வெந்நீர் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?

— அனுமதி இல்லாம இழுத்த லைன்மா. லைசென்ஸ் உள்ள பிளம்பர் சரிபண்ணி, நகராட்சி ஆளு வந்து பாத்துக் கையெழுத்துப் போட்டப்புறம்தான் மீட்டரத் திறக்கணும். சட்டம் அப்படி.

— இன்னிக்கு எந்தப் பிளம்பர் வருவான்? எல்லாரும் கையில பீரோட பட்டாசுக்குக் காத்துக்கிட்டிருப்பானுங்க. நாலு மணிக்கு என் மகன் டேல் டென்வர்லேருந்து வர்றான், தெரியுமா? வீட்ட வித்துட்டு எங்க பக்கத்துல ஒரு ஃபிளாட்டுக்கு வந்துருன்னு நச்சரிக்கிறான். இன்னொரு தப்பு நடந்தா பேச்சே கிடையாது, பெட்டியக் கட்டுன்னு சொல்லிட்டான். அவன் கார நிறுத்துற எடத்துக்கு நேரா அந்த அட்டை தொங்குது!

— இன்னொரு தப்பா? முன்னாடி என்னம்மா நடந்துச்சு?

— ஒண்ணுமில்ல. அடுப்புல சட்டிய வச்சுட்டுப் பக்கத்து ரூம்ல டிவி பாத்துக்கிட்டிருந்தேன். சட்டி தீஞ்சுபோய் புகை மணி அடிச்சப்பதான் தெரிஞ்சுது. யார் வீட்டுலயும் நடக்காததா? அது கிடக்கட்டும். கம்பெனிக்குப் போன் பண்ணினது யாரு?

— பேரு சொல்லக் கூடாதும்மா.

— நீ சொல்ல வேணாம். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கானே வர்ஜில், அவன்தான். தினம் காலையில என் மேசையில உக்காந்து என் காப்பியக் குடிச்சுட்டு, முதுகுக்குப் பின்னாடி போன் பண்றான். துரோகி! இனிமே அவன் இந்தப் படியேறட்டும், லைன் இழுத்த ஸ்பேனராலயே போடுறேன்.

— யாரா இருந்தாலும் நல்லதுதான் செஞ்சிருக்காங்க. தெருவுல வண்டிய நிறுத்தினப்பவே எனக்கு அழுகின முட்டை நாத்தம் அடிச்சுது. உங்களுக்கு ஒண்ணுமே தெரியலியா?

— கசிஞ்சா எனக்குத் தெரியாதா? கேக்குறேன் சொல்லு, இந்த மூக்குக்கா தெரியாது? பதினோரு வருஷம் மாவட்டத் திருவிழாவுல கறி சுடுற போட்டிக்கு நடுவரா இருந்தவ நான். ஆப்பிள் கட்டையில சுட்டதா, ஓக் கட்டையில சுட்டதான்னு தட்டத் திறக்காமயே சொல்லுவேன்.

— இந்த வருஷமும் போறீங்களா?

— போகல. பிப்ரவரியில ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதுக்கப்புறம் எதுக்குப் போறது? கடையில விக்கிறதெல்லாம் போலி. பூண்டுல மணம் இல்ல, மிளகுல வாசம் இல்ல, பேக்கன்னு விக்கிற பன்னிக்கறி அட்டை மாதிரி இருக்கு. அவனுங்களப் புடிங்களேன், அங்க போய்ப் பூட்டுங்களேன்!

— அந்த நாய் ஏன்மா வேலி ஓரத்துலயே படுத்துக் கெடக்கு?

— மூஸா? அதுக்கு மூணு நாளா என் மேல கோவம். மரத்தளத்துப் பக்கமே வரமாட்டேங்குது. நாயும் எதிரி, பக்கத்து வீட்டுக்காரனும் எதிரி. உன்னையும் பாக்குறேனே. வெயில்ல வந்த ஆளாச்சேன்னு காப்பி போட்டுக் குடுத்தேன். இவ்வளவு நேரமா கையில வச்சுக்கிட்டே நிக்குற. ஒரு வாய் குடிச்சியா? விஷமா கலந்திருக்கேன்?

— பரவால்லம்மா, வேணாம்.

— குடி. குடிச்சுட்டு அப்புறமா சட்டம் பேசு.

— சொன்னா வருத்தப்படக் கூடாது. இதுல ஊத்துன பால் கெட்டுப்போச்சும்மா. கப்ப வாங்கினப்பவே குப்புன்னு புளிச்ச நாத்தம். இந்தாங்க, நீங்களே மோந்து பாருங்க.

— எங்க, குடு... பச்சத் தண்ணிய மோந்த மாதிரியில்ல இருக்கு.

— நல்லா மோந்து பாருங்க. ஒண்ணுமே தெரியலியா மார்லீனம்மா?

— கெட்டுப்போச்சா? நான் குடிக்கிறது கடுங்காப்பி, வர்றவங்களுக்கு நாலு நாளா இந்தப் பாலத்தான் ஊத்துறேன். வர்ஜில் தினம் ரெண்டு கப்பு கேட்டு வாங்கிக் குடிக்கிறானே... ஒரு நாள்கூட மூஞ்சியச் சுளிக்கலியே அவன்!