காத்தவராயன் கால் வீக்கம்

இரக்கத்தைப் பற்றி இந்த ஜில்லாவிலேயே முறையாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தற்பெருமை இல்லை சார். ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கொள்ள ஆரம்பம் ஒன்று வேண்டுமே என்று சொல்கிறேன். மூன்று வருடமாக ஊரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டுக் காலேஜுக்கு ரயிலில் போய்வருகிறேன். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து மருந்துச் செலவுக்குக் கேட்பவர்கள் பெட்டிக்கு ஒருவர் உண்டு. கூடுவாஞ்சேரியில் நொண்டுகிறவர் சிங்கப்பெருமாள்கோயிலில் இறங்கி, ஓடிப்போய் அடுத்த பெட்டியில் ஏறுவார். காலேஜ் டேயில் அதை நடித்துக் காட்டித்தான் எனக்குப் பெயரே வந்தது. பிரின்சிபால்கூடச் சிரித்தார்.

காத்தவராயன் அந்த ரகம் இல்லை. தொல்லையே அதுதான்.

முட்டுக்காட்டுக்குப் பக்கத்துக் குப்பத்தில் எங்கள் காலேஜ் என்.எஸ்.எஸ். முகாம் போட்டபோது பழக்கமானவர். கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. உடம்பில் சேரும் நீரை வெளியேற்ற தினமும் மாத்திரை போட வேண்டும், ஆயுசுக்கும். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதி வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். மனைவி சம்பூர்ணம் கூடையில் மீன் விற்று வருவது சோற்றுக்கே இழுபறி.

அவருக்காக நான்தான் அலைந்தேன். இதை வாக்குமூலத்தில் தெளிவாகச் சேர்க்க வேண்டும். ஓர் ஆபீஸில் வருமானச் சான்றிதழ் கேட்டார்கள். வருமானமே இல்லை என்றேன். இல்லை என்பதற்கும் சான்றிதழ் உண்டாம், கொடுக்கிறவர்தான் லீவாம். ஒரு கட்சிக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தையல் மெஷினுக்கு மனுப் போடச் சொன்னார். இன்னோரிடத்தில் ஆபரேஷனுக்குப் பணம் உண்டு, மாத்திரைக்குக் கிடையாது என்றார்கள்.

"அப்போ நெஞ்ச அறுத்துகினு போனாத்தான் டப்பு குடுப்பானுங்க. முழுங்கறவனுக்கு ஒண்ணும் கெடையாது," என்றார் காத்தவராயன். "பேஜாரா கீது தம்பி."

கடைசியில் எங்கள் தெருவிலேயே ஆள் கிடைத்தார்கள். பார்த்தசாரதி மாமாவும் பாலாம்பாள் மாமியும் ஒரு கைங்கர்ய சபை நடத்துகிறார்கள். தங்கமான மனிதர்கள். யாருக்குக் கொடுத்தாலும் மாதாமாதம் நேரில் போய், கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மாத மருந்தை வாங்கித் தருவார்கள். அது சபையின் வழக்கம்.

முதல் மாத மாத்திரை நன்றாக வேலை செய்தது. கால் வீக்கம் வடிந்து, காத்தவராயன் கரையில் உட்கார்ந்து வலை பிரிக்கிற அளவுக்குத் தேறினார். சபை வந்து பார்த்தது.

"நன்னாத் தேறிட்டாரே! ரொம்ப சந்தோஷம்," என்றார் மாமா. "இனிமே வேற கஷ்டப்படறவாளுக்குப் பண்ணலாமே."

இது நின்றால் மறுபடி வீங்கும் மாமா என்றேன். "குணமானவருக்கு எதுக்குடா மருந்து?" என்றார். கேள்வியில் தப்பே இல்லை. உதவி நின்றது, கால் வீங்கியது, நான் மறுபடி போய் நின்றேன், சபை பார்த்து மனமிரங்கியது, கால் வடிந்தது, உதவி நின்றது. நீங்களே சொல்லுங்கள் சார், எத்தனை தடவை ஒருவன் இப்படி நடப்பான்?

ஆகவே ஒரு ஏற்பாடு செய்தேன். சபை வருவதற்குச் சில நாள் முன்னாலிருந்து மாத்திரை கிடையாது, உப்பு நீரைச் சேர்க்கும் என்று டாக்டர் விலக்கிய கருவாடு உண்டு.

"மாத்திரைய நிறுத்தினாத்தான் மாத்திரை வரும்ன்றியா?" என்று காத்தவராயன் சிரித்தார். "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பாலாம்பாள் மாமி அவர் காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்து, நிரம்பாமல் அப்படியே நின்றது. மாமி அழுதுவிட்டாள். அதிலிருந்து உதவி ஒரு மாதமும் தவறவில்லை. வெறும் மேடையில் கைதட்டல் வாங்கினவன் நான். இங்கே ஒரு மனிதர் உயிரோடிருந்தார்.

போன மாதம்தான் சிக்கல். மாத்திரையை நிறுத்தி, காலும் நன்றாக வீங்கியிருந்தது. சபை கிளம்பும் நேரத்தில் மாமாவின் பங்காளி வீட்டில் ஒரு சாவு. பத்து நாள் தீட்டு, எங்கும் வரமுடியாது என்றார்கள். மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்திருக்கலாம். யோசிக்காமல் இல்லை. ஆரம்பித்தால் வடிந்துவிடும். அப்புறம் திரும்ப வீங்க வைக்கவேண்டும், அது அவருக்குத்தானே சிரமம்? இவ்வளவு தூரம் வந்ததைக் கெடுப்பானேன் என்று தோன்றியது.

சம்பூர்ணம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து எதிர்வீட்டுக்கு போன் போட்டு என்னைக் கூப்பிடச் சொன்னாள். "படுக்க முடியல தம்பி அதுக்கு. குந்திகினே தூங்குது. ஒண்ணே ஒண்ணு குடுத்துடட்டா?"

கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ஆனாலும் பெண் மனசு. இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுவாள் என்று தெரியும். அதனால் அன்றே பஸ் பிடித்துப் போய் மாத்திரை டப்பாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வாசல் வரை வந்து கொடுத்தது காத்தவராயன்தான். அந்த நாலடிக்கே மூச்சு வாங்கியது. "சீக்கிரமா இட்டாந்துடு தம்பி அவங்கள," என்றார்.

தீட்டு கழிவதற்குள் அவர் போய்விட்டார். சம்பூர்ணம் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை, ஒரு வார்த்தைகூட மறுக்கமாட்டேன். நிறுத்தச் சொன்னது நான். டப்பாவை எடுத்துப்போனதும் நான். என் புத்தக அலமாரியில் இருக்கிறது, ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. இன்னும் காலாவதி ஆகவில்லை, யாருக்காவது உபயோகப்படும். அந்த மனிதருக்கு மருந்து கிடைக்க என்னைப்போல் பாடுபட்டவர் வேறு யாரும் இல்லை என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தப்போவதாகச் சொன்னீர்கள். ஏட்டையா வாங்கிவந்த இட்லியைத் தொடவில்லை. பசி இல்லாமல் இல்லை சார். மாஜிஸ்ட்ரேட் பார்க்கிற நேரத்துக்குக் கண் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் நல்லது. சவரமும் வேண்டாம்.