நாற்பத்தோராவது காசு

1957ஆம் ஆண்டு பங்குனி மாதம் 14ஆந் திகதி பிற்பகல் 2.10க்குப் பதியப்பட்டது.

பெயர்: ஐயாத்துரை சிவனேஸ்வரி. வயது: 39. தொழில்: வீட்டுவேலை, தோட்டம். விலாசம்: இரண்டாம் குறிச்சி, முள்ளியவளை.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவர் ஐயாத்துரையுடன் பதினெட்டு வருடமாகச் சீவிக்கிறேன். அவர் றேடியோ திருத்துபவர். கோயில் உண்டியலை உடைத்தாரென்று நேற்றுப் பின்னேரம் அவரைப் பிடித்து இந்தப் பொலிஸ் ஸ்டேசனில் அடைத்திருக்கிறார்கள். அவர் உடைக்கவில்லை. நான் சத்தமாகக் கதைப்பது கோபத்தில் இல்லை, என் குரலே அப்படி என்பதையும் எழுதும்படி சார்ஜன் ஐயாவைக் கேட்டுக்கொண்டேன்.

கடந்த தை மாதம், முல்லைத்தீவில் பழைய இரும்பு வாங்கி விற்கும் ஹலீம் என்பவர், உலகச் சண்டைக்காலத்தில் பட்டாளம் கண்ணிவெடி தேடிய கருவி ஒன்று பழுதாய்க் கிடக்கிறதென்று என் கணவருக்குக் கொடுத்தார். நீளத் தடியின் நுனியில் ஒரு தட்டு, காதுக்கு இரண்டு மூடி. நிலத்துக்குள் உலோகம் இருந்தால் காதுக்குள் கூவும். அதைத் திருத்திய நாள் தொடக்கம் அவர் எங்கள் தோட்டத்தைத் தடவிக்கொண்டு திரிந்தார். கிணற்றடியில் பெண்டுகள், "உன்ர மனுசன் நிலத்துக்கு நாடி பிடிக்கிறாரடி" என்று பகிடி பண்ணினார்கள். அவர் கிண்டி எடுத்தது மாட்டு லாடம் ஒன்பது, கலப்பைக் கொழு ஒன்று, மிச்சம் மீன் அடைத்து வந்த தகரப் பேணிகள். நான் மரவள்ளி நடவைத்த பாத்தி முழுக்கக் கிடங்கும் குழியும். நான் நன்றாக ஏசினேன்.

அதன் பின்னர் மாசி மாதம் 16ஆந் திகதி பாலை மரத்தடியில் கருவி கூவி, அவர் கிண்டி, வாய் அடைத்த சின்ன மண்முட்டி ஒன்றை எடுத்து என்னைக் கூப்பிட்டார். அப்படி ஆசையாக அவர் என்னைக் கூப்பிட்டது கலியாணம் முடித்த புதிதில்தான். உள்ளே செப்புக் காசுகள் பச்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. புளி போட்டு மினுக்கித் தாறன் என்று நான் கையை நீட்ட, "ஐயோ, தொடாதையும், எழுத்துப் போயிடும்" என்று பறித்துவிட்டார்.

அதன் பின்னர் மூன்று கிழமையாகப் பின்னேரங்களில் கதிரையை முற்றத்து வெயிலில் போட்டு, காசைச் சரித்துச் சரித்துப் பார்த்து, தேய்ந்த காசின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, தாளில் விழுந்ததை வாசித்துக் கொப்பியில் எழுதினார். ஒல்லாந்தர் கொம்பனி முத்திரை போட்டது இத்தனை, ஆனை போட்டது இத்தனை, விக்டோரியா மகாராணி தலை இத்தனை என்று மொத்தம் நாற்பது. ஆண்டு அழிந்ததைத் தலை திரும்பியிருக்கிற பக்கத்தை வைத்துச் சொன்னார். மகாராணி இடப்பக்கம் பார்ப்பா, அவாவின் மகன் வலப்பக்கம் பார்ப்பார், இதில் வலப்பக்கம் பார்க்கிற ஆள் இல்லை. வாசிக்க முடிந்ததில் ஆகப் பிந்தியது 1892. ஆகையால் மகன் ராசாவாகி அவர் காசு ஊருக்குள் வர முந்தியே முட்டி புதைந்துவிட்டது, கடைசிக் காசுதான் முட்டிக்குச் சாட்சி என்றார். எனக்கு விளங்கினது பாதி. அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசை, அதனால் தேத்தண்ணியோடு பக்கத்திலேயே இருந்தேன்.

அதன் பின்னர் நாற்பதையும் துணியில் பொதிந்து, பழஞ்சாமான் வைத்துக் காட்டுகிற கொழும்பு நூதனசாலைக்கு அனுப்ப ஆயத்தம் செய்தார். கடிதத்தின் இங்கிலீசு சரியில்லையென்று திருப்பித் திருப்பி எழுதினபடியால் பிந்தியது. ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போன நேரம் நான் பொதியை அவிழ்த்து, குசினியில் மஞ்சள்தூள் பேணிக்குள் கிடந்த என்னுடைய ஒரு சதத்தை உள்ளே போட்டு முடிந்துவிட்டேன். நல்ல காரியத்துக்குப் போகிற காசை மொட்டையாக நாற்பதென்று விடக்கூடாது, ஒன்று கூட்டி வைக்கவேண்டும். என் மனுசனின் கடிதத்துக்கு மறுமொழி வரவேணும் என்று நினைத்தேனே தவிர வேறு எண்ணம் இல்லை. சதத்தில் ஆர் ஆண்டு பார்க்கிறது?

செவ்வாய்க்கிழமை உண்டியல் உடைந்தது. ஐயாத்துரை வீட்டில் காசுப்பொதி இருக்கிறதென்று கோயில் மனேச்சர் சின்னராசா முறைப்பாடு கொடுத்தார். நேற்றுப் பொலிசார் வந்து பொதியையும் அவரையும் கொண்டுபோனார்கள். செல்லாக்காசைப் பிள்ளையார் உண்டியலில் போடுகிற சனம் எங்கள் ஊரில் நிறைய. நானும் போட்டிருக்கிறேன். ஆகையால் பொலிசார் சந்தேகப்பட்டதில் பிழை சொல்ல மாட்டேன்.

இன்று காலை இடியப்பம் கொண்டுவந்தேன். அவர் சாப்பிடாமல், "நீர் ஒண்டும் கதையாதையும், ஆர் கேட்டாலும் தெரியாதெண்டு சொல்லும், வீட்டை போம்" என்றார். வெளியே வர சார்ஜன் ஐயா, உம்முடைய மனுசன் அறுபது வருடத்து முட்டி என்கிறார், பொதிக்குள் 1943ஆம் ஆண்டுச் சதம் இருக்கிறது, அதைக் காட்டினதில் இருந்து வாய் திறக்கிறாரில்லை என்றார். அதன் பின்னர் பஸ் ஏறி, கொண்டக்டர் தந்த மிச்சக் காசில் ஒரு சதத்தைத் திருப்பி ஆண்டைப் பார்த்தேன். நான் பொதிக்குள் போட்ட சதத்திலும் இப்படி ஆண்டு இருந்திருக்கும். அடுத்த தரிப்பில் இறங்கி இரண்டு மைல் நடந்து திரும்பி வந்தேன்.

அந்தச் சதத்தின் எழுத்துக்குள் மஞ்சள் இருக்கும், ஊசியால் கிளறிப் பாருங்கோ என்றேன். சார்ஜன் ஐயா என் முன்னிலையில் கிளறினார். மஞ்சள் வந்தது. மற்ற நாற்பதிலும் பச்சைதான்.

மூன்று கிழமை அந்த நாற்பதையும் தடவின மனுசனுக்கு இது வேற்றுக் காசென்று கண்டவுடன் தெரிந்திருக்கும். ஆர் போட்டதென்றும் தெரிந்திருக்கும். என் பேர் பொலிசில் வரக்கூடாதென்று கள்ளன் என்ற பேரைத் தான் வாங்கிக்கொண்டு இருக்கிறார். விசர் மனுசன். இந்தச் சொல்லையும் எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்கப்பட்டது. இருக்கிறது. கடைசி பஸ் ஐந்து மணிக்கு. அவர் வெளியே வராமல் நான் அதில் ஏற மாட்டேன்.

எழுதியதெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அவ்வளவும் உண்மை.

(ஒப்பம்) ஐ. சிவனேஸ்வரி