பதினேழாவது டம்ளர்

கண்ணாடி டம்ளர் வாங்கினால் வெறும் கண்ணாடியாகப் பார்த்து வாங்க வேண்டும். பூப்போட்டது பார்க்க லட்சணமாக இருக்கும், கடைக்காரரும் அதைத்தான் தலையில் கட்டப் பார்ப்பார்; ஆனால் பூவின் மேல் கைரேகை ஒழுங்காக விழாது. நான் நாற்பது டம்ளர் வாங்கினேன், ஒன்றில்கூடப் பூ கிடையாது. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள்.

என் ஆய்வுக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். கடைசி அட்டவணை வரைக்கும் படித்த முதல் ஆள் நீங்கள்தான் என்று நினைக்கிறேன், அதற்கு நன்றி. கைரேகைச் சோதனைக்கூடம் தவறு செய்யுமா என்று கேட்டால், அங்கே இருக்கிற அத்தனை பேரும் செய்யாது என்பார்கள். சோதிக்கிறார்கள் என்று தெரிந்தால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்ப்பார்கள். அதனால் அவர்களுக்குத் தெரியாமல், நிஜ வழக்குப் பொட்டலங்களோடு நான் தயாரித்த போலிப் பொட்டலங்களைக் கலந்துவிடுவதாக ஏற்பாடு. கூடத்தின் இயக்குநருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவரும், "எனக்கு எதுவும் தெரியாதுன்னே வெச்சுக்குங்க" என்று கழன்றுகொண்டார்.

ரேகைக்கு ஆள் வேண்டுமே. கல்லூரியில் எங்கள் துறைக்கு வந்து போகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். காவலாளி, தபால்காரர், கழிப்பறைக் குழாயைச் சரிசெய்ய வந்தவர். குழாய்க்காரர் கையைத் துடைத்துக்கொண்டே, "இதனால எனக்கு வம்பு தும்பு ஒண்ணும் வராதுங்களே சார்?" என்று கேட்டார். வராது என்றேன். பதினேழாவது டம்ளர் அவருடையது. ஒப்புதல் படிவத்தை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவரும் அவர் ஒருவர்தான்.

போலி போலியாகத் தெரியக் கூடாது. நிஜப் பொட்டலம் ஒன்றை அரைமணி நேரம் என் அறைக்கு எடுத்துவந்து, அதே காகிதம், அதே அரக்கு முத்திரை, சீட்டில் அதே எழுத்து என்று பார்த்துப் பார்த்துச் செய்வேன். வழக்கு எண்ணையும் விவரத்தையும் கடைசியில்தான் மாற்றுவேன். அன்றைக்கு மாற்றுவதற்குள் என் மனைவி போனில் கூப்பிட்டாள். பேசிக்கொண்டே ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய்த் திரும்ப வைத்துவிட்டேன். சாயங்காலம் மிச்சமிருந்ததைப் பிரித்தால் உள்ளே நீலப் பூப்போட்ட டம்ளர். அவ்வளவு சுத்தமான வேலை, நானே ஏமாந்துவிட்டேன்.

அது தனியாகக் குடியிருந்த, ஓய்வுபெற்ற ஒரு தட்டச்சுக்கார அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் எடுத்தது. அவர் கழுத்தை நெரித்தவன் அதில் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருந்தான். அந்த டம்ளர் என் அலமாரியில். பதினேழாவது டம்ளர் வழக்கில். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. மறுநாளே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சொன்னால் போலிப் பொட்டலம் உலவுவது எல்லோருக்கும் தெரிந்துபோகும், இரண்டு வருட உழைப்பு பாழாகும். குழாய்க்காரரின் ரேகை யாருடன் பொருந்தப் போகிறது என்றும் நினைத்தேன்.

பொருந்திவிட்டது. கொலைக்கு மூன்று நாள் முன்னால் அவர் அந்த அம்மா வீட்டுச் சமையலறையில் குழாய் மாட்டியிருக்கிறார். வந்து போனவர்கள் எல்லோரிடமும் போலீசார் ரேகை எடுத்தபோது அவரும் கொடுத்திருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு ஆசை வந்தது. ஒரு தவறு எவ்வளவு தூரம் போகும் என்று இதுவரை யாரும் அளந்ததில்லை. சீட்டில் "நீலப் பூப்போட்ட டம்ளர் ஒன்று" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளே இருந்ததில் பூவே இல்லை. நிபுணர் ரேகையைப் பார்த்தார், டம்ளரைப் பார்க்கவில்லை. சரிபார்த்தவர் நிபுணரின் கையெழுத்தைப் பார்த்தார். குழாய்க்காரர் தன் வக்கீலிடம், "காலேஜ்ல ஒரு சார்தான் டம்ளர்ல தண்ணி குடிக்கச் சொன்னாரு" என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். வக்கீல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீதிபதியின் மேசைமேல் அந்த டம்ளர் ஒரு முழு நாள் இருந்தது.

நிபுணர் சாட்சியாக என்னையும் கூப்பிட்டார்கள். சோதனைக்கூடம் தவறு செய்ய வாய்ப்புண்டா என்று நீதிபதி கேட்டார். அதுபற்றி ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. குழாய்க்காரரின் வக்கீல் எழுந்து, கேள்வி எதுவும் இல்லை என்று உட்கார்ந்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆயுள் தண்டனை. மேல்முறையீடு போட்டார்கள். அட்டவணையில் அதுதான் கடைசிக் கட்டம், அதை மட்டும் காலியாக விட முடியுமா? எந்த வேலையையும் பாதியில் விடமாட்டேன் என்று என் மனைவியே சொல்வாள். மேல்முறையீடும் தள்ளுபடியானது. இப்போது அவருக்குச் சிறையில் நான்காவது வருடம்.

பூப்போட்ட டம்ளரைக் கேட்கிறீர்கள். அது இல்லாமல் நான் சொல்வது எடுபடாது, எனக்கும் தெரியும். சீட்டு எழுதியவர் கை தவறியிருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். கொன்றவனின் ரேகை அதில்தான் இருந்தது.

மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது குழாய்க்காரரின் மனைவி என்னைத் தேடி வந்தார். "அவரு இங்க தண்ணி குடிச்சேன்னே சொல்லிட்டிருக்காரு சார். நெசமாங்களா?" என்றார். நிறையப் பேர் குடித்தார்கள், பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நல்ல வெயில், பஸ் நிலையத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். போகும்போது, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா சார்?" என்றார்.

அறையில் வேறு டம்ளர் இல்லை, மற்றதெல்லாம் பொட்டலமாகப் போய்விட்டது. அலமாரியைத் திறந்து அந்தப் பூப்போட்ட டம்ளரை எடுத்தேன். தூசியாக இருந்தது. சோப்புப் போட்டு, உள்ளும் புறமும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். "டம்ளர் அழகா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாகம் என்று வந்தவரை வெறுமனே அனுப்ப எனக்கு மனசு வராது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.