ஒரே நம்பரில் ஐந்து பேர்

— எழுத்துலயா குடுத்தே? இன்னாக்கா நீ! அவங்களா வந்து கேட்டாகூட இல்லவே இல்லன்னு சாதிச்சிருக்கலாம். நீயா போயி எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கிறே.

— கேட்ட பிறகு சொன்னா அதுக்குப் பேரு ஒப்புக்கிட்டது இல்ல ஹேமநாதா, மாட்டிக்கிட்டது. காலையில பத்து மணிக்கே பதில் மெயில் வந்துடுச்சு. ஷிப்ட் முடியிற வரைக்கும் பிரிக்கவே இல்ல. கை வரல. அதான் வீட்டுக்குக்கூடப் போகாம நேரா உன் கடைக்கு வந்துட்டேன்.

— குந்து மொதல்ல. பாத்து, ஸ்டூல் மேல கஸ்டமர் போனு கீது. யாருக்கு எழுதினே? போலீசுக்கா?

— சீ, கேம் செஞ்ச கம்பெனிக்கு. அம்பத்தூர்ல மூணு பேர் சேர்ந்து நடத்துறாங்களாம்.

— அக்காங். ஒரு ரயில் ஓட்டற கேமு, அதுக்குப் போயி இம்மாம் பெரிய பஞ்சாயத்து.

— நான் காசு குடுத்து வாங்கினது கேமைத் தொறக்கிற நம்பர் ஒண்ணு. ஒரு நம்பர் ஒரு ஆளுக்குன்னு தெளிவாப் போட்டிருக்கு. அதே நம்பரை நீ எங்க வீட்டுக்காரர் லேப்டாப்ல ஏத்தின, உன்னோடதுல ஏத்தின, கோவிந்தனுக்கும் ஏத்திக் குடுத்த.

— ஏத்தச் சொன்னது யாரு?

— நான்தான். அதையும் எழுதியிருக்கேன்.

— வெளங்கிச்சு! ஏங்க்கா, பட்டாபிராம் ஸ்டேஷனாண்ட பசங்கோ கேரம் ஆடுறானுங்களே, நாலு பேருக்கும் நாலு போர்டா வாங்கினானுங்கோ?

— போர்டு ஒண்ணுதான் இருக்கு. அதை யாரும் நாலா ஆக்கல. எங்க டூல் ரூம்ல பித்தளை டோக்கனை ஆணியில மாட்டிட்டுத்தான் கருவி வாங்கிட்டுப் போகணும். ஒரு டோக்கன், ஒரு கருவி. பதினாறு வருஷமா அந்த ஜன்னல்லதான் உக்காந்திருக்கேன். ஒரு டோக்கனுக்கு அஞ்சு கருவி குடுத்தா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

— கருவியக் குடுத்தா உங்கிட்ட ஒண்ணு கொறையும். இதுல உனக்கு இன்னா கொறஞ்சிது?

— எனக்குக் குறையல. செஞ்சவனுக்குக் குறையுது.

— அப்போ நீ மட்டும் தனியா ஆடு. வண்டிய நவுத்திக் காட்டு பாக்கலாம். டிரைவருக்கு ஒருத்தன், கார்டுக்கு ஒருத்தன், சிக்னலுக்கு ஒருத்தன்னு அஞ்சு பேரு இல்லாம பிளாட்பாரத்த உட்டு அசையாது. அப்பிடி ஒரு கேம செஞ்சிட்டு ஆளுக்கொரு நம்பர் வாங்குன்னா இன்னா நாயம்? நீ மட்டும் ஏன் உன் ஊட்டுக்காரருக்குத் தனியா வாங்கல?

— மொத நாள் ஓடுதான்னு பாத்துட்டு வாங்கலாம்னு இருந்தோம். ஓடிச்சு. ஓடிக்கிட்டே இருந்துச்சு.

— அவ்ளோதானே! எல்லார் கதையும் அதான். எட்டு மாசம் சும்மா இருந்துட்டு இப்ப இன்னா திடீர்னு?

— போன வாரம் கோவிந்தன் கேட்டான்ல, செம்பரம்பாக்கம் குடோன்ல அவன்கூட வேலை பாக்குற பத்து பேருக்கும் வேணும்னு. நீயும் சரின்னுட்ட. அதுக்கப்புறம் எனக்குத் தாங்கல. என் நம்பர் அது.

— சரி, இன்னான்னு எழுதினே?

— ஃபேக்டரில மெடிக்கல் கார்டுக்குக் குடும்பத்துல யார் யாருன்னு கட்டம் போட்டுக் குடுப்போம்ல, அது மாதிரிதான். பெயர், ஊர், உறவு. ஸ்ரீகாந்த், நாக்பூர், கணவர். ஹேமநாதன், பட்டாபிராம், கடைக்காரர்.

— கடைக்காரரா! அவ்ளோதானா நானு?

— நண்பர்னு போட்டா நீயும் சேர்ந்து மாட்டுவியேன்னுதான். கோவிந்தன், பூந்தமல்லி, கடைக்காரரின் நண்பர். அப்புறம் அந்த ஜம்புலிங்கம். அவருக்கு ரெண்டு கட்டமும் காலி. ஊரும் தெரியல, உறவும் தெரியல. உன் ஆளுதானே அவரு?

— என் ஆளா? உன் ஊட்டுக்காரரோட வேல செய்றவன்னுல்ல நெனச்சிகினு கீறேன்! நான் ஏத்திக் குடுத்தது மூணே பேருக்குக்கா.

— எங்க வீட்டுக்காரர் அவரைக் கோவிந்தன் ஆளுன்றாரு. கோவிந்தன் சத்தியமா இல்லைன்றான்.

— அட! தெனம் சாயங்காலம் கூடவே ஆடுறான், வாயே தொறக்க மாட்டான். ஆனா சிக்னலு போடுறதுல அவன அடிச்சிக்க ஆளில்ல. போன மாசம் கேமுல புதுப் பாலம் ஒண்ணு வந்துச்சே, அதுகூட வர்றதுக்கு மொத நாளே சொன்னான். சரி, அத்த உடு. மெயிலப் பிரி.

— நீயே படி. எனக்கு ஒரே ஒரு பயம்தான் ஹேமநாதா. கேஸ் போட்டாக்கூடப் பரவால்ல. ஸ்ரீகாந்த் போன்ல பேசுறது ரெண்டே வார்த்தை. சாப்பிட்டியா, வெச்சிடவா. அந்த வண்டில கார்டா ஏறிட்டாத்தான் ஒரு மணி நேரம் மனுஷன் மாதிரி பேசுறாரு. மெஸ்ல இன்னைக்கு என்ன, மேஸ்திரி என்ன சொன்னான், எல்லாம் அங்கதான் வரும். அது போயிடக்கூடாது.

— போவாது, கம்னு இரு. "அன்புள்ள மைதிலி அவர்களுக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது. வழக்கு எதுவும் போடப்போவதில்லை, பயப்பட வேண்டாம்." பாத்தியா! "ஒரே நம்பரில் ஐந்து பேர் விளையாடுவது முதல் வாரமே எனக்குத் தெரியும்."

— தெரியுமா?

— இரு, இரு. "வாங்கியவர்களே குறைவு. அவர்களில் பலர் ஒரு நாள் தனியாகத் திறந்து பார்த்து, வண்டி நகரவில்லை என்று மூடிவிட்டார்கள். தினமும் ஓடுகிற வண்டி உங்களுடையது மட்டும்தான். அதைக் காட்டித்தான் சர்வரை அணைக்க விடாமல் வைத்திருந்தேன். ஒரே நம்பர் என்பதை என் கூட்டாளிகளிடம் சொல்லவில்லை."

— நல்ல மனுஷன். புதுசா நாலு நம்பர் கேட்டுடலாம் ஹேமநாதா. இன்னைக்கே வாங்கிடுறேன்.

— அக்கா, இன்னும் கீது. "நீங்கள் அலுவலக முகவரிக்கு எழுதிவிட்டீர்கள். அதை மூவரும் படித்துவிட்டோம். எழுத்தில் வந்த பிறகு தெரியாதது போல இருக்க முடியாது. இன்று மாலை ஆறு மணிக்கு உங்கள் நம்பர் நிறுத்தப்படும். வேறு யாரும் விளையாடாததால் சர்வரும் அத்துடன் நிற்கும். விற்பனையை முன்பே நிறுத்திவிட்டோம்."

— ஆறு மணிக்கா? இப்ப மணி என்ன?

— அஞ்சேகால்.

— அவர் ரூமுக்கு வர்றதே ஆறரைக்கு.

— தப்பா நெனச்சிக்காதக்கா. நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா...

— தெரியுது. சொல்லாத.

— கீழ இன்னொண்ணு கீது. உன் லிஸ்டத் திருப்பி அனுப்பிச்சிக்கீறாங்கோ. காலியா உட்டியே, அந்த ரெண்டு கட்டத்தையும் ரொப்பிக்கீது.

— ஜம்புலிங்கத்தோடதா? என்ன போட்டிருக்கு?

— ஊரு, அம்பத்தூர்.

— உறவு?

— "இந்த விளையாட்டைச் செய்தவன்"னு எழுதி, கையெழுத்தும் போட்டுக்கீறான்க்கா.