கயிறு பிறகு வரட்டும்

தலைமைக் கதிரையை நிறைத்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையில் வெயிலையும் பொருட்படுத்தாது வீற்றிருக்கும் பெரியோர்களே, கடற்கரை வேலையை அரைவாசியில் விட்டு ஓடிவந்த விடத்தல்தீவுத் தாய்மாரே! மாதர் சங்கச் செயலாளர் றொஷேலின் அன்பு வணக்கம்.

இன்று தொடங்கும் எங்கள் கயிறடிப் பயிற்சியில் துள்ளுவதற்குக் கயிறே இல்லை. ஏன் இல்லை? சொல்கிறேன்.

என் பக்கத்து வீட்டு ஜெயனி நண்டு பதனிடும் இடத்தில் வேலை செய்பவர். போன வருடம் நண்டுக் கூடையோடு வள்ளத்திலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து, வலது கணுக்கால் முறிந்தது. பிளாஸ்டரை வெட்டியபோது கால் மெலிந்திருந்தது. அதைவிட மனம் மெலிந்திருந்தது. படியேறப் பயம். ஈரத்தரையில் நிற்கப் பயம். ஈரத்தரையில் நிற்காமல் நண்டு வேலை உண்டா?

"இனி மெல்லமெல்லத் துள்ளிப் பழகுங்கோ" என்றார் வைத்தியர். ஜெயனி மகளின் கயிற்றை எடுத்தார். முதல் சுற்றிலேயே கால் சிக்கி விழுந்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன் தாய்மாரே, நானும் சிரித்தேன்!

அழுதாரா? அழுதார். அடங்கினாரா? இல்லை! மறுநாள் காலை வேலிக்கு மேலால் பார்க்கிறேன், வெறுங்கையோடு துள்ளுகிறார். கணவர் றெனால்ட் கேட்கிறார்:

"கயிறில்லாமல் என்னப்பா துள்ளுறீர்?"

"முதல்ல கால் பழகட்டும். கயிறு பிறகு வரட்டும்."

பாதம் இரண்டும் சேர்ந்திருந்தன. முன்பாதம் மட்டுமே மண்ணைத் தொட்டது. விரற்கடை உயரம்தான், அதற்குமேல் இல்லை! முழங்கை இடுப்போடு ஒட்டியிருக்க, மணிக்கட்டு மட்டும் சுழன்றது. முதல் நாள் பத்துத் துள்ளல். அடுத்த வாரம் வலமும் இடமுமாக. பிறகு கால் மாற்றிக் கால். முறிந்த கால் முதன்முதல் தனியே அவரைத் தாங்கிய அன்று, "றொஷேலக்கா, கண்டனீங்களா?" என்று கத்தினார். கண்டேன். கண் கலங்கினேன்.

என்னம்மா, பின்னுக்கிருந்து கேட்கிறீர்கள்? "பிறகு கயிறடிச்சவவோ?" ஓம், அடித்தார்! இரண்டு மாதம் கழித்து, கால் தடக்காமல் ஐம்பது சுற்று! அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போய், அதே ஈரத்தரையில் நாள் முழுக்க நின்றார். இன்று உங்களுக்குப் பழக்க வந்து நிற்கிறார்.

வயது போய்விட்டது என்பவரே, வாருங்கள்! உடம்பு பாரம் என்பவரே, வாருங்கள்! ஊர் சிரிக்கும் என்பவரே, சிரித்தவள் நான், முதல் வரிசையில் நான் நிற்கிறேன், வாருங்கள்! நோவிருப்பவர்கள் இருந்து பாருங்கள். மற்றவர்கள் கதிரையை விட்டு எழும்புங்கோ. பாதங்களைச் சேருங்கோ!

இவ்வளவு நேரம் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. இனித் துள்ளப்போகும் உங்கள் கால்களுக்கு வணக்கம்!